கிரவுன், பினியன், ஒரு சாக்பீஸ்: லாரியின் டிஃப்ரன்ஷியலைப் பிரித்துக் கட்டிய பாடம்

ஜூனியர்ஸ், முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். பெவல் கியர் டிசைன் கணக்கை பரீட்சையில ஒரு ஸ்டெப் விடாம போட்டவன் நான். ஆனா போன செமஸ்டர் லீவு வரைக்கும் ஒரு நிஜ டிஃப்ரன்ஷியலைக் கையால தொட்டதில்ல. லேப்ல இருக்கற கட் மாடலை சுத்திப் பாத்ததோட சரி. தொட வேண்டிய நிலைமை எங்க வீட்டு வண்டியாலயே வந்துச்சு. அதை அப்படியே ஒரு பாடமா எழுதறேன். ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம், அதனால என் தமிழ்ல கொஞ்சம் கிரீஸ் ஒட்டியிருக்கும், பொறுத்துக்கோங்க.

வண்டி நின்ன இடம்

என் மாமாகிட்ட ஒரு லாரி இருக்கு. பின்னாடி ஜெனரேட்டர் பொருத்தின வண்டி, சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்குப் போகும். வடபழனி, சாலிகிராமம் பக்கம் இருக்கறவங்களுக்கு இந்த மாதிரி வண்டிங்க பழக்கம்தான். சரக்கு லாரி திரும்பி வரும்போது காலியா வரும். இது அப்படி இல்ல, போறப்பவும் வர்றப்பவும் ஜெனரேட்டர் எடை முதுகுலயே இருக்கும்.

ஒரு மாசமா பின்னாலிருந்து லேசா ஒரு ஊளைச் சத்தம் வந்துட்டிருந்துச்சு. அப்புறம் திரும்பும்போது மட்டும் 'டக் டக்'. "ரோடு சரியில்லடா, அதான்"னு மாமா ஆக்ஸிலேட்டரை மிதிச்சிட்டே இருந்தார். ஒரு ராத்திரி ஆற்காடு சாலையில, ஏ.வி.எம். உருண்டையைத் தாண்டினதும் பெருசா ஒரு சத்தம். இன்ஜின் ஓடுது, கியர் விழுது, வண்டி நகரல. மூணு நாள் கழிச்சு காலையில ஆறு மணிக்கு ஷூட்டிங். வண்டி போகலன்னா அந்த வாடகை மட்டுமில்ல, அந்த கம்பெனியோட அடுத்த கூப்பிடலும் போயிடும். மாசத் தவணை யாருக்காகவும் நிக்காது.

நூறடி ரோட்டுக்குப் பின்னால ஒரு சந்துல இருக்கற மெக்கானிக் ஷெட்டுக்கு வண்டியை இழுத்துட்டுப் போனோம். அங்கே இருந்த மேஸ்திரி அண்ணன்தான் இந்தப் பாடத்தோட வாத்தியார்.

டிஃப்ரன்ஷியலுக்கு மூணு வேலை

ஒண்ணு, திசையை மாத்தறது. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வண்டியோட நீளவாட்டத்தில் சுத்துது, சக்கரத்தோட அச்சு குறுக்குவாட்டத்தில் இருக்கு. சின்ன பினியனும் பெரிய கிரவுன் வீலும் சேர்ந்து அந்தச் சுழற்சியை 90 டிகிரி திருப்புது.

ரெண்டு, வேகத்தைக் குறைச்சு முறுக்குவிசையைக் கூட்டறது. பினியன்ல 6 பல், கிரவுன்ல 41 பல் இருந்தா ரேஷியோ 41/6, அதாவது 6.83. பினியன் 6.83 சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. ஸ்பேர் கடையில இந்தத் தசம எண்ணெல்லாம் சொன்னா முழிப்பாங்க. "6க்கு 41"னு பல்லைச் சொல்லித்தான் கேக்கணும்.

மூணு, ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்தில் சுத்த விடறது. 1820களின் பிற்பகுதியில் ஃப்ரான்ஸ்ல ஒனேசிஃபோர் பெக்கர் என்பவர் நீராவி வண்டிக்காக இதைப் பதிவு செஞ்சார். கிரவுனோட சேர்த்து போல்ட் போட்ட கேஜ், அதுக்குள்ள ஒரு கிராஸ், அந்த கிராஸ்ல மாட்டின ஸ்டார் கியர்கள், ரெண்டு பக்கமும் ஆக்சில் ஷாஃப்ட் சொருகற சைடு கியர்கள். ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்துல சுத்தினா ஸ்டார் கியர் தன் அச்சுல சுத்தவே சுத்தாது, கேஜோட ஒட்டிட்டுப் போகும். வண்டி திரும்பினா மட்டும்தான் அதுக்கு வேலை.

எவ்வளவு வேலை? ஒரு கணக்கு பாருங்க. ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் இடையில 1.8 மீட்டர் தூரம்னு வைங்க. வண்டி அரைவட்டம் திரும்புது. வெளிச் சக்கரம் போற தூரத்துக்கும் உள் சக்கரம் போற தூரத்துக்கும் வித்தியாசம் 3.14 × 1.8 = 5.65 மீட்டர். வளைவு பெருசா சின்னதாங்கறது கணக்குல வரவே இல்ல, கவனிச்சீங்களா? ஆரம் கழிஞ்சு போயிடும். லாரி டயர் ஒரு சுத்துக்குச் சுமார் 3.2 மீட்டர் போகும். அப்போ ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல 1.77 சுத்து வித்தியாசம். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. ஏறி முடிக்க மொத்தம் 124 சுத்து. இந்த 124ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி கேக்கணும்

மேஸ்திரி அண்ணன் ஸ்பேனரை எடுக்கல. டிரைவரைக் கூப்பிட்டு, சத்தம் எப்ப வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு பத்து நிமிஷம் கேட்டார். அவர் சொன்னதைத் தொகுத்தா இதுதான்:

ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் ஊளை: கிரவுன், பினியன் பல்லோட இழுக்கற பக்கம் சரியா உக்காரல.
காலை எடுத்ததும் ஊளை: பல்லோட மறுபக்கம், இல்லன்னா பினியன் பேரிங் தளர்ச்சி.
எப்பவும் ஒரே மாதிரி உறுமல்: பேரிங்.
கிளட்ச் விடும்போது ஒரு 'டங்': எங்கேயோ ஆட்டம் சேர்ந்திருக்கு. முதல்ல ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் ஜாயிண்ட்டைப் பார்.
திரும்பும்போது மட்டும் 'டக் டக்': ஸ்டார் கியர்.

எங்க வண்டியில முதல்ல ஊளை, அப்புறம் திரும்பும்போது 'டக் டக்'. "ஸ்டார் போயி, அது கிரவுனையும் கூட்டிட்டுப் போயிருக்கும்"னார். பிரிக்காமலே.

பிரிச்சோம்

லாரிகளில் பெரும்பாலும் ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில். எடையை ஹப்பும் ஹவுசிங்கும் தாங்குது, ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கை மட்டும் கடத்துது. அதனால சக்கரத்தைக் கழட்டாமலே, ஹப்போட முகப்பு போல்ட்டைக் கழட்டி ஷாஃப்ட்டை உருவிடலாம். ஆயிலை வடிச்சு, ரெண்டு ஷாஃப்ட்டையும் உருவி, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிரிச்சு, கேரியரை ஜாக்கியில் தாங்கி முன்பக்கமா இறக்கினோம். நூறு கிலோவைத் தாண்டற இரும்பு. கையால பிடிச்சுக்கலாம்னு நினைச்சா விரல் போயிடும். கீழ ஜாக்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, இது ரெண்டும் இல்லாம கிட்டவே போகாதீங்க.

வடிச்ச ஆயில்ல வெள்ளி ஜரிகை மாதிரி இரும்புத்தூள். வடிகால் போல்ட்டோட காந்தத்துல ஒரு துண்டு வாஷர். ஸ்டார் கியருக்குப் பின்னால இருக்கற வாஷர்களில் ரெண்டு காகிதம் மாதிரி தேய்ஞ்சிருந்துச்சு, ஒண்ணு உடைஞ்சிருந்துச்சு. கிராஸோட கை ஒண்ணு சூட்டில் நீலம் பூத்திருந்துச்சு. உடைஞ்ச வாஷர் துண்டு கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவுல மாட்டி, பினியன்ல ரெண்டு பல்லும் கிரவுன்ல மூணு பல்லும் சிதைஞ்சிருந்துச்சு.

"புதுசு வாங்கிப் போட்டுடலாம்ல அண்ணா?"ன்னேன்.

"போடலாம் தம்பி. ஆனா இது ஏன் போச்சுன்னு தெரியாம போட்டா, ஆறு மாசத்துல அதுவும் போகும். ஒரு சாக்பீஸ் எடுத்துட்டு வா."

சாக்பீஸ் கண்டுபிடிச்ச குற்றவாளி

டயர்ல ஒரு கோடு, அதுக்கு நேரா தரையில ஒரு கோடு. ஷாஃப்ட்டை உருவிட்டதால சக்கரம் ரெண்டும் தனித்தனியா சுத்தும். ஆறு பேர் சேர்ந்து வண்டியை ஒரு முழு சுத்து தள்ளினோம். மறுபடியும் தரையில கோடு. டேப் வெச்சு அளந்தோம். இடது பக்கம் 3.20 மீட்டர். வலது பக்கம் 3.14.

மாமா முகத்தைப் பாத்தேன். பொங்கலுக்கு முன்னாடி இடது பக்கம் ஜோடி டயரும் புதுசு போட்டார். வலது பக்கம் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்னு பழைய ரீட்ரெட் டயரையே விட்டுட்டார். 6 செ.மீ.தானே, அதுல என்ன?

ஒரு கிலோமீட்டருக்கு இடது சக்கரம் 312.5 சுத்து, வலது 318.5 சுத்து. வித்தியாசம் 6. சென்னையிலிருந்து மதுரைக்கு 450 கி.மீ.ன்னு வெச்சா 2700 சுத்து வித்தியாசம். கொல்லிமலை ஏற 124தான், இறங்க இன்னொரு 124. ஒரே ஒரு வளைவு இல்லாத நேர் ரோட்டுல போனாலும் எங்க வண்டியோட ஸ்டார் கியர், மலை ஏறி இறங்கறதைப் போல பத்து மடங்குக்கு மேல வேலை செஞ்சிருக்கு. அந்த கியருக்கு பால் பேரிங்கோ ரோலரோ கிடையாது. கிராஸ் கை மேல நேரடியா உக்காந்து, தெறிச்சு வர்ற ஆயில்ல சுத்துது. எப்பவாவது கொஞ்சம் சுத்தறதுக்காகச் செஞ்ச அமைப்பை நாள் முழுக்க சுத்த விட்டா வாஷர் தேயாம என்ன செய்யும்?

சேத்துல ஒரு சக்கரம் மட்டும் சுத்தும்போது ஆக்ஸிலேட்டரை மிதிக்கறதும் இதே பாவம்தான். நிக்கற சக்கரம் பூஜ்யம், சுத்தற சக்கரம் கிரவுனைப் போல ரெண்டு மடங்கு வேகம். பத்து செகண்ட்ல கிராஸ் நீலம் பூக்கும்.

எந்த கியர் வாங்கறது?

முதல் கேள்வி, பினியனை மட்டும் மாத்தலாமா? கூடாது. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒண்ணோட ஒண்ணு உரசவிட்டு ஜோடி சேர்த்தது. ரெண்டு மேலயும் ஒரே ஜோடி எண் பொறிச்சிருப்பாங்க. எண் மாறின செட்டை வாங்கினா, அது செட்டே இல்ல. புதுப்பேட்டையில பழைய செட் கிடைக்கும். பழசு வாங்கினாலும் இந்த எண்ணைத் துடைச்சுப் பாத்துட்டு வாங்குங்க.

ரெண்டாவது கேள்விதான் வீட்டுல சண்டையைக் கிளப்பிச்சு. ஜி.பி. ரோட்டுல கடைக்காரர் ரெண்டு பெட்டியை வெச்சார். 6க்கு 41. 7க்கு 41. எங்க வண்டியில இருந்தது 6க்கு 41. "7க்கு 41 போட்டா ஹைவேஸ்ல பறக்கும், டீசலும் மிச்சம்"னு யாரோ மாமாகிட்ட சொல்லியிருக்காங்க. நானும் லேப்டாப்பைத் திறந்து அதையே நிரூபிச்சேன். என் கணக்கு இதுதான்:

டாப் கியர் நேரடி, டயர் 3.2 மீட்டர், இன்ஜின் அதிகபட்சம் 2500 ஆர்.பி.எம்.
6க்கு 41: ரேஷியோ 6.83. 60 கி.மீ. வேகத்தில் 2135 ஆர்.பி.எம். அதிகபட்ச வேகம் 70 கி.மீ.
7க்கு 41: ரேஷியோ 5.86. 60 கி.மீ. வேகத்தில் 1830 ஆர்.பி.எம். அதிகபட்ச வேகம் 82 கி.மீ.

300 ஆர்.பி.எம். குறையுது, டீசல் மிச்சம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோட 80 கி.மீ. வரம்புக்கும் அழகா பொருந்துது. மாமா என்னைப் பெருமையா பாத்தார்.

மேஸ்திரி அண்ணன் ஒரே கேள்வி கேட்டார். "உங்க வண்டி டாப் கியர்ல எத்தனை நாள் ஓடுது தம்பி?"

பதில் தெரியல. மாமாவோட டிரிப் நோட்டை எடுத்து ஒரு வருஷத்தை எண்ணினேன். வண்டி வெளிய போனது 148 நாள். அதுல 109 நாள் சென்னைக்குள்ள, ஈ.சி.ஆர். ஷூட்டிங் பங்களா, பூந்தமல்லி பக்கம் செட். 27 நாள் ஹைவேஸ். 12 நாள் ஏற்காடு, கொடைக்கானல் மாதிரி மலை.

சிட்டிக்குள்ள 40 கி.மீ. வேகம்னு கணக்கு போட்டேன். டாப் கியர்ல 6க்கு 41 செட்டுக்கு 1424 ஆர்.பி.எம்., 7க்கு 41 செட்டுக்கு 1220. இந்த இன்ஜினுக்கு 1400க்குக் கீழ இழுவை கம்மி. அப்போ டிரைவர் என்ன செய்வார்? ஒரு கியர் குறைப்பார். குறைச்சா ஆர்.பி.எம். 1700. நான் மிச்சம் பிடிச்ச டீசல் 109 நாளும் அங்கேயே போயிடும்.

மலைக்கு அடுத்த கணக்கு. இன்ஜின் 400 நியூட்டன்-மீட்டர், முதல் கியர் 7, கடத்தும் திறன் 85 சதவீதம், மொத்த எடை 16.2 டன்னுன்னு வெச்சா, 6க்கு 41 சுமார் 18.6 சதவீத ஏற்றம் ஏறும். 7க்கு 41 சுமார் 15.7. ரெண்டுமே பேப்பர்ல போதும். ஆனா கொண்டை ஊசியில எதிர்ல பஸ் வந்து நின்னு, மறுபடி எடுக்கும்போது அந்த மூணு சதவீதத்தை யார் குடுக்கறது? கிளட்ச்தான், எரிஞ்சு குடுக்கும்.

எடையைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். 2018 ஜூலையில மத்திய அரசு அச்சு எடை வரம்பைக் கூட்டிச்சு. நாலு டயர் ஒற்றை அச்சுக்கு 10.2 டன் இருந்தது 11.5 ஆச்சு. ரெண்டு அச்சு லாரியோட மொத்த எடை 16.2லிருந்து 18.5 டன். அறிவிப்புல எண் மாறினாலும் அதுக்கு முன்னாடி வார்த்த பழைய கிரவுனோட இரும்பு மாறாது. பழைய வண்டிக்கு கியர் பாக்கும்போது அந்த அச்சு எந்த எடைக்கு டிசைன் பண்ணதோ அதைத்தான் எடுத்துக்கணும்.

கடைசியா நான் யோசிக்கவே யோசிக்காத ஒண்ணு. இந்த வண்டியில ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸ் பின்பக்கத்திலிருந்து ஓடுது. பின் அச்சு ரேஷியோ மாறினது அதுக்குத் தெரியாது. 7க்கு 41 போட்டுட்டு அப்படியே விட்டா, முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில 70ல போகும். அதே சிக்னலை நம்பற வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் ஏமாறும். என் லேப்டாப் கணக்கை நம்பியிருந்தா, ஜெனரேட்டரைச் சுமந்துட்டு, தெரியாமலே வேகமா போற ஒரு வண்டியில எங்க டிரைவரை அனுப்பியிருப்பேன்.

தினமும் பெங்களூரு போயிட்டு வர்ற வண்டின்னா, ஸ்பீடோமீட்டரைத் திருத்திட்டு, 7க்கு 41 தாராளமா போடலாம். எங்க நோட்டு வேற சொல்லிச்சு. 6க்கு 41 வாங்கிட்டு வந்தோம்.

41ன்னு ஒரு வினோத எண் ஏன்னு யோசிச்சீங்களா? 6க்கும் 41க்கும் பொது வகுத்தி கிடையாது. அதனால பினியனோட ஒவ்வொரு பல்லும் கிரவுனோட எல்லாப் பல்லையும் முறை வெச்சு சந்திக்கும், தேய்மானம் எல்லார்க்கும் சமமா பங்காகும். 6க்கு 36ன்னு இருந்தா பினியனோட ஒரு பல் எப்பவும் அதே 6 பல்லைத்தான் கடிக்கும்.

கட்டினோம், கழட்டினோம், கட்டினோம்

கியர் வாங்கறது பாதி வேலைதான். மீதி, அதை சரியான இடத்துல உக்கார வைக்கறது. நாலு அளவு முக்கியம்.

முதல்ல பினியன் ஆழம். பினியன் கிரவுனை நோக்கி எவ்வளவு உள்ள போகுதுங்கறது. எங்க வண்டியில பினியன் கேஜுக்கு அடியில் ஷிம் வெச்சு இதை மாத்தணும். ஷிம் கூட்டினா பினியன் வெளிய வரும்.

அடுத்து பினியன் பேரிங் இறுக்கம். ஃப்ளாஞ்சைச் சுத்தி நூல் கட்டி, ஸ்பிரிங் தராசை மாட்டி நிதானமா இழுத்தார். சுத்த ஆரம்பிச்ச பிறகு தராசு காட்டற எடையை ஆரத்தால பெருக்கினா முறுக்குவிசை. நம்ம முதல் செமஸ்டர் ஃபிசிக்ஸ்!

மூணாவது, பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான ஆட்டம். டயல் கேஜை கிரவுன் பல் மேல வெச்சு அளக்கணும். எங்க வண்டிக்கு 0.20 முதல் 0.30 மி.மீ. உங்க வண்டிக்கு அதோட மேனுவல் சொல்றதுதான் சட்டம். ஒரு இடத்துல மட்டும் அளக்காதீங்க, கிரவுனைச் சுத்தி நாலு இடத்துல அளங்க. சரி பண்ண ஒரு பக்க வளைய நட்டை எவ்வளவு தளர்த்தறோமோ, மறுபக்கத்தை அவ்வளவே இறுக்கணும். அப்போதான் பக்க பேரிங் இறுக்கம் மாறாது.

கடைசியா பல் பதிவு. கிரவுன் பல் மேல மார்க்கிங் ப்ளூ தடவி, கையால ஒரு கட்டையை அழுத்திப் பிடிச்சுத் தடை குடுத்து சுத்தினா, பினியன் உரசற இடம் அச்சா விழும். பல்லோட உயரத்துல நடுவுலயும், நீளத்துல நடுவுலிருந்து கொஞ்சம் உள் முனை பக்கமாவும் விழணும். எடை ஏறும்போது பதிவு வெளி முனையை நோக்கி நகரும், அதுக்கான இடம் அது.

எங்களுக்கு முதல் தடவை டயல் கேஜ் 0.25 காட்டிச்சு. நான் குதிச்சேன். ஆனா பதிவு பல்லோட அடியில ஒட்டி விழுந்திருந்துச்சு. பினியன் ரொம்ப உள்ள போயிருக்குன்னு அர்த்தம். அப்போ ஷூட்டிங்குக்கு முந்தின ராத்திரி ஒன்பது மணி. மாமா மணியைப் பாத்துட்டே, "ஆட்டம் சரியாத்தான இருக்கு, மூடிடலாமே மேஸ்திரி"ன்னார்.

"மூடலாம் சார். வண்டி காலைல போயிடும். திரும்பி வருமான்னு நான் சொல்ல முடியாது."

மாமா அதுக்கு மேல பேசல. டீ வாங்கிட்டு வரப் போயிட்டார். கழட்டினோம். 0.1 மி.மீ. ஷிம் சேர்த்தோம். பினியன் வெளிய வந்ததால ஆட்டம் கூடிடுச்சு, வளைய நட்டைத் திருப்பி மறுபடி 0.25க்குக் கொண்டு வந்தோம். பதிவு இன்னும் கொஞ்சம் கீழ. மூணாவது தடவை பிரிச்சுக் கட்டினப்போ பல்லோட நடுவுல நீள்வட்டமா அழகா விழுந்துச்சு. அப்போ மணி பதினொண்ணு முக்கால். அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸா வெச்சேன். கிளாஸ்ல யாருக்கும் என்னன்னு புரியல.

அப்புறம் ஹவுசிங்கை டீசல்ல நல்லா கழுவி, மூச்சுக்குழாய் அடைப்பை எடுத்து, மேனுவல் சொன்ன ஜி.எல்-5 தர ஆயிலை ஊத்தினோம். ஹைபாய்டு கியர்ல பல் உருளறதோட இல்லாம வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தைத் தாங்க இந்த ஆயில்ல கந்தகச் சேர்மங்கள் இருக்கு, அந்த நாத்தத்துக்குக் காரணமும் அதுதான். கிடைச்ச இன்ஜின் ஆயிலை ஊத்தினா புது செட் சீக்கிரமே பழசாயிடும்.

நடுராத்திரியில வலது பக்க டயர் ஜோடியையும் மாத்தினோம். சாக்பீஸ் கோடு போட்டு அளந்தோம். ரெண்டு பக்கமும் 3.20.

இப்போ

காலையில ஆறு மணிக்கு வண்டி செட்டுல இருந்துச்சு. போய்ச் சேர்ந்ததும் டிரைவர் ஹவுசிங் மேல கை வெச்சுப் பாத்துட்டு போன் பண்ணார்: "கை வெக்க முடியுது தம்பி." அதாவது சூடு அளவாத்தான் இருக்கு. முதல் ஓட்டத்துக்கு அப்புறம் ஆயிலை மாத்தினோம். காந்தத்துல மெல்லிசா மாவு மாதிரி தூள் மட்டும், துண்டு எதுவும் இல்ல. மாமா டிரிப் நோட்டோட கடைசிப் பக்கத்துல இப்போ ரெண்டு காலம் போட்டிருக்கார்: இடது, வலது. மாசம் ஒரு தடவை சாக்பீஸ் அளவு எழுதறார். வண்டி நின்ன மூணு நாள் வாடகையையும் ஒரு செட் கியர் விலையையும் அந்த 6 செ.மீ.தான் சாப்பிட்டுச்சுன்னு அவருக்குப் புரிஞ்சிடுச்சு.

உங்களுக்கு ரெண்டு கணக்கு.

ஒண்ணு: ஒரு காலேஜ் பஸ்ல பினியன் 8 பல், கிரவுன் 43 பல், டயர் ஒரு சுத்துக்கு 3 மீட்டர், டாப் கியர் நேரடி. 2400 ஆர்.பி.எம்.ல வேகம் என்ன?

ரெண்டு: அதே பஸ்ல பின் டயர் ஒரு பக்கம் 3.00 மீட்டர், மறுபக்கம் 2.96. தினமும் 60 கி.மீ. ஓடினா, ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல ஒரு நாளைக்கு எத்தனை சுத்து வித்தியாசம்?

முதல் விடை 80 கி.மீ.க்கு ஒரு நூல் மேல. ரெண்டாவது விடை 270க்குக் கிட்ட வரும், போட்டுப் பாருங்க. அதைவிட, அடுத்த தடவை பஸ் நிக்கும்போது டிரைவர் அண்ணன்கிட்ட அனுமதி கேட்டு, ஒரு சாக்பீஸும் டேப்பும் எடுத்துட்டுப் போய் நிஜமாவே அளந்து பாருங்க.